மஞ்சள் தடவிய வாக்குச்சீட்டு

எங்கள் சனத்துக்குத் தபால்கந்தோரில் நம்பிக்கை கிடையாது. ஆனால் விமான நிலையத்துக்குப் போகிற எந்தத் தமிழரிலும் நூறு வீத நம்பிக்கை உண்டு. ஒருவர் லண்டனுக்கோ பாரிசுக்கோ டிக்கெட் போட்டுவிட்டார் என்று காற்றுவாக்கில் தெரிந்தால் போதும், அன்று பின்னேரமே ஆளுக்கொரு பையோடு அவர் வீட்டு வாசலில் நிற்போம். "சின்னச் சாமான்தான் அண்ணை, பாரமே இல்லை" என்போம். (பாரம் இருக்கும்.) மிளகாய்த்தூள், தாலிக்கொடி, கலியாண ஆல்பம், ஒருமுறை ஒருவரின் பல்செட் என்று எல்லாம் இப்படித்தான் ஐரோப்பா முழுக்கப் பறக்கின்றன. பெரும்பாலும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தும் விடுகின்றன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் இந்த வழியில் ஒரு பாராளுமன்றத் தேர்தலுக்கு வோட்டு அனுப்பினேன். நாடு ஐஸ்லாந்து. அனுப்பிய இடம் இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோ. அது போய்ச் சேர்ந்த இடத்தைச் சொன்னால் இப்போதும் என் புருஷன் சோற்றுக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரிப்பார், இல்லாவிட்டால் புரையேறும்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கலியாணமாகிப் பலெர்மோவுக்கு வந்து இரண்டு வருடம். போர்கோ வெக்கியோவில், சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் இரண்டு அறையில் இருந்தோம். இத்தாலியன் பாஷை எனக்குத் தண்ணிபட்ட பாடு என்று ஒரு நினைப்பு. மீன்காரனோடு சண்டை பிடித்து வெல்லத் தெரிந்துவிட்டால் பாஷை வந்துவிட்டது என்று நம்புகிற வயது அது. வாய் இருந்த அளவுக்கு மூளை இருக்கவில்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஹோட்டலில் இவருக்கு வேலைநேரத்தைக் குறைத்துவிட்டார்கள். எங்கள் பெர்மெஸ்ஸோவை, அதுதான் இந்த நாட்டில் இருக்கவிடுகிற அட்டையை, புதுப்பிக்கும் தவணையும் நெருங்கிக்கொண்டிருந்தது. என் பெயரில் ஒரு வேலை ஒப்பந்தம் இருந்தால்தான் க்வெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், தலை நிமிர்ந்து நிற்கலாம். அப்படித்தான் சிஞ்ஞோரா குத்ரூனிடம் (சிஞ்ஞோரா என்றால் இங்கே 'அம்மா' மாதிரி) வீட்டுவேலைக்குச் சேர்ந்தேன். முதல் மாதம் பரீட்சை மாதம். பிடித்தால் மாத முடிவில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பேன் என்று சொல்லியிருந்தா.

சிஞ்ஞோராவுக்கு எழுபத்தாறு வயது. வியா மக்வேதா என்கிற பெரிய தெருவில் இருந்து பிரிகிற ஒரு ஒழுங்கையில், நாலாம் மாடியில், மூன்று பூனையோடு இருந்தா. ஐஸ்லாந்தில் பிறந்து, பலெர்மோக்காரர் ஒருவரை இரண்டாந்தரம் கட்டி, அவர் காலமான பிறகும் இங்கேயே தங்கிவிட்டவ. விமானத்தில் ஏறமாட்டா. "மனுசர் பறக்கப் பிறந்திருந்தா எனக்கு உந்த முழங்கால் எதுக்கு?" என்பா. (நாங்கள் கதைத்தது இத்தாலியனில். ஆனால் என் ஞாபகத்தில் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார்கள், அப்படியே எழுதுகிறேன்.)

சேர்ந்து இரண்டாம் கிழமை, அவவுடைய நாட்டில் அரசாங்கம் உடைந்து திடீர்த் தேர்தல் வந்தது. சிஞ்ஞோரா ஆளே மாறிப்போனா. காலையில் எழும்பி வானொலி, பிறகு கணினி, பிறகு தொலைபேசியில் ஊரில் உள்ள சிநேகிதிகளோடு கத்தல். நான் பயந்துபோய், "சிஞ்ஞோரா, ஆரும் மோசம் போயிட்டினமோ?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை. சாகவும் மாட்டான். திருப்பியும் தேர்தலிலை நிக்கிறான்" என்றா.

நிற்கிறவர் அவவின் முதல் புருஷன். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவர்களுடைய சின்ன ஊருக்குச் சுரங்கப்பாதை வெட்டித் தருவேன் என்று சொல்லி முதல்முறை வென்றவராம். முப்பது வருடமாக அதையே சொல்லி வென்றுகொண்டே இருக்கிறாராம். மலை அப்படியே நிற்கிறதாம். இவவைக் கட்டும்போது கடலைப் பார்த்தபடி வீடு கட்டித் தருவதாகவும் சொன்னாராம். அதுவும் சுரங்கப்பாதை மாதிரித்தான். அதனால் சிஞ்ஞோரா இந்த முப்பது வருடத்தில் ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை. அவருக்கு எதிராக ஒரு வோட்டு. அது அவவுக்கு எங்களின் கந்தசஷ்டி விரதம் மாதிரி.

ரோமில் அவர்களுடைய நாட்டுக்கு ஒரு கௌரவ கொன்சுல் இருக்கிறார், அங்கே போய்த்தான் வோட்டுப் போடவேண்டும். பறக்கமாட்டாவே, அதனால் கப்பலில் ஏறிக் கடல் கடக்கிற அந்த நீண்ட ரயிலில் ஒரு பகல் முழுக்க இருந்து போய், போட்டுவிட்டு, மறுநாள் அதே ரயிலில் திரும்பி வந்தா. வந்து இறங்கும்போது கால் பிரண்டுவிட்டது. வீங்கிய காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு, கைப்பையில் இருந்து ஒரு தடித்த கடித உறையை எடுத்தா. முத்திரை குத்தி, ஒட்டி, மேலே அவர்களுடைய பாஷையில் விலாசம்.

"இதுதான் என்ட வோட்டு. எங்கட சட்டத்திலை இதை ஊருக்குச் சேர்க்கிறது வோட்டுப் போட்ட ஆளின்ட பொறுப்பு. வாற சனிக்கு அடுத்த சனி, வோட்டுப் பெட்டி மூட முந்திப் போயிடவேணும். ரோமிலை போட நேரம் கிடைக்கேல்லை, ரயிலுக்கு ஓடி வந்திட்டன். நீ போய்ப் பதிவுத் தபாலிலை போட்டிட்டு வா."

பதினொரு நாள் இருந்தது. ஒரு சாதாரண மனுஷி தபால்கந்தோருக்குப் போய், பதிவுத் தபாலில் போட்டு, துண்டை வாங்கிக்கொண்டு வந்திருப்பாள். நானும் போனேன். இலக்கத்துண்டு எடுத்தேன். அன்று ஓய்வூதியம் எடுக்கிற நாள், எனக்கு முன்னால் சனம் திருவிழாவுக்கு நிற்பது போல நின்றது. அங்கே இருந்த கதிரையில் இருந்து யோசித்ததுதான் நான் செய்த பிழை. நான் யோசிக்காமல் செய்த காரியம் ஒன்றும் என் வாழ்க்கையில் இவ்வளவு கெட்டுப் போனதில்லை.

யோசித்தது இதுதான். இந்த வியாழன் சிவம் அத்தான் ஒஸ்லோவுக்குப் போறார்!

சிவம் அத்தான் இவரின் பெரியப்பாவின் மகன். பலெர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய வில்லாவைப் பராமரிக்கிறவர். அவரும் பெண்சாதி கமலாக்காவும், கமலாக்காவின் ஒன்றுவிட்ட தங்கச்சி மாலினியின் மகளுக்குச் சாமத்தியவீடு என்று ஒஸ்லோவுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். (பிள்ளை பெரியபிள்ளையானதுக்கு மண்டபம் எடுத்து, மேடை போட்டு, முன்னூறு பேருக்குச் சோறு போட வேணுமோ வேண்டாமோ என்ற சண்டையை இன்னொரு நாள் பிடிப்போம்.) இலக்கத்துண்டைப் பக்கத்தில் இருந்த கிழவரிடம் கொடுத்துவிட்டு நேரே ரயில் நிலையத்துக்குப் போய்ப் பகேரியாவுக்கு ரயில் ஏறினேன்.

"ஐஸ்லாந்தோ? அது ஒஸ்லோவுக்குப் பின்பக்கம்தானே பிள்ளை!" என்றார் அத்தான். (பின்பக்கம்தான். நடுவில் ஒரு சமுத்திரம் இருக்கிறது.) "போஸ்டிலை போடப் போனியோ? விசரே உனக்கு? சாமத்தியவீட்டுக்கு ஐஸ்லாந்திலை இருந்து யோகனும் வாறான். மாலினியின்ட மனுசனோடை ஊரிலை படிச்சவன், அங்கை மீன் ஃபக்டரியிலை வேலை. திங்கள் திரும்பிப் போறான். அவன்ட கையிலை குடுத்தா அவன் கொண்டுபோய் ஒஃபீசிலை நேரை குடுப்பான். கையாலை குடுக்கிறதுக்கு நிகர் உண்டோ?"

யோகனுக்கு அங்கிருந்தே அழைத்து, சிஞ்ஞோராவின் பெயரையும் ஊரையும் சொல்லிக் கேட்டோம். சிஞ்ஞோராவின் தேர்தல் கந்தோர் அவர் வேலைசெய்கிற ஊரில் இருந்து காரில் அரைமணி நேரம். தெய்வச் செயல் என்று நினைத்தேன். முருகன் முன்னுக்கு நின்று நடத்துகிறார் என்று நினைத்தேன். முருகனுக்கு அந்தக் கிழமை வேறு வேலை இருந்திருக்கிறது.

இனி என் சொந்த மூளையில் இருந்து வந்த பகுதி. கமலாக்காவின் பெட்டியில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், ஒலிவ் எண்ணெய் என்று வாசமும் ஈரமுமாக இருந்தது. வோட்டுக்கு ஏதும் பட்டுவிடப்போகிறதே என்று, அந்த உறையை அப்படியே இன்னொரு புது வெள்ளை உறைக்குள் போட்டு ஒட்டினேன். "வெளியாலை ஒண்டும் எழுதாதை, கஸ்டம்ஸ்காரன் ஆயிரம் கேள்வி கேப்பான்" என்றார் அத்தான். எழுதவில்லை. வெறும் வெள்ளையாக அனுப்ப மனம் வரவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிற கடதாசி. கமலாக்காவின் சாமியறையில் இருந்து மஞ்சள் எடுத்து, நாலு மூலைக்கும் தடவி, கும்பிட்டுக் கொடுத்தேன்.

"இதென்னடி?" என்றார் கமலாக்கா.

"வோட்டு அக்கா. பத்திரம்."

"என்ட ஹாண்ட்பாக்கிலையே வைக்கிறன், பயப்பிடாதை."

வைத்தார். பத்திரமாகத்தான் வைத்தார். மேடையில் கொடுக்கிற அன்பளிப்புக் காசு உறைக்குப் பக்கத்தில். அதுவும் வெள்ளை. அதுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள்.

சிஞ்ஞோரா, "அனுப்பிட்டியோ?" என்று கேட்டபோது, "ஓம், அனுப்பியாச்சு" என்றேன். பொய் இல்லையே.

சனிக்கிழமை ஒஸ்லோவில் சாமத்தியவீடு அமர்க்களமாக நடந்தது. பிள்ளையைப் பல்லக்கில் தூக்கி வந்த படமெல்லாம் எனக்கு வந்தது. அடுத்த புதன்கிழமை, நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது யோகனிடம் இருந்து ஒரு படம் வந்தது. மூக்குச் சிவக்கக் குளிரில், ஒரு கந்தோர் வாசலில், பெருவிரலை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். கீழே, "குடுத்தாச்சு தங்கச்சி. அந்த மனிசி நன்றி சொன்னவ."

என் தலை கூரையில் போய் முட்டியது. ஈரக்கையோடு ஓடிப்போய்ச் சிஞ்ஞோராவுக்குப் படத்தைக் காட்டி, உண்மையை முழுக்கச் சொன்னேன். தபாலில் போடவில்லை, எங்கட ஆக்களின் கையில் கொடுத்துவிட்டேன், இதோ போய்ச் சேர்ந்துவிட்டது, முத்திரைச் செலவும் இல்லை. சிஞ்ஞோரா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தா. அந்தக் கதவைத் தனக்குத் தெரியும் என்றா. கண் கலங்கிப்போச்சு. என்னைக் கட்டிப்பிடித்து, அவர்கள் நாட்டுக் கறுப்பு இனிப்பு ஒன்றைத் தந்தா. (உப்பும் தாருமாக இருந்தது. சிரித்துக்கொண்டே விழுங்கினேன்.) பிறகு சிநேகிதிகளுக்கு வரிசையாக அழைத்து, "உங்களுக்கெல்லாம் தபால்காரன்தான். எனக்கு ஒரு இனமே இருக்கு" என்று பீத்தினா. அன்று பின்னேரம் வியா மக்வேதாவில் நான் நடந்து போன நடையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஐஸ்லாந்தின் வெளிநாட்டமைச்சர்கூட அப்படி நடந்திருக்கமாட்டார்.

வியாழன் காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. நான் பக்கத்து அறையில் சட்டைகளுக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா அவர்களின் பாஷையில் சந்தோஷமாகத் தொடங்கினா. பிறகு குரல் இறங்கிற்று. பிறகு தொலைபேசியை நெஞ்சில் பொத்திப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டா.

"உன்ட ஆக்கள் என்ட வோட்டு எண்டு என்னத்தைக் குடுத்தவை?"

"வோட்டைத்தான் சிஞ்ஞோரா."

"எங்கட தேர்தல் கந்தோரிலை இருந்து கதைக்கிறாள். எனக்கு ஒரு வகுப்புக் குறையப் படிச்சவளின்ட மகள். உறைக்குள்ளை சீலை உடுத்த ஒரு பொம்பிளைப்பிள்ளையின்ட படம் போட்ட வாழ்த்து மட்டை இருக்காம். பொன் எழுத்திலை என்னவோ எழுதியிருக்காம். நோர்வேக் காசும் இருக்காம். தேர்தலுக்கு ரெண்டு நாள் இருக்கேக்கை, தேர்தல் கந்தோருக்கு, நான் ஏன் காசு அனுப்பினனான் எண்டு சட்டப்படி கேக்கவேண்டிக் கிடக்காம்."

அயர்ன் பெட்டியைச் சட்டையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்பது மணத்தில்தான் தெரிந்தது. ஓடிப்போய் எடுத்தேன். இறந்துபோன சிஞ்ஞோரின் நல்ல சட்டை, ஞாபகத்துக்கு வைத்திருந்தது. அதன் முதுகில் முக்கோணமாக ஓட்டை. அன்று அது பெரிய விஷயமாக இருக்கவில்லை என்பதில் இருந்து மற்றதை நீங்களே ஊகிக்கலாம்.

"சிஞ்ஞோரா, அது... ஒரு பிள்ளை பெரிசாயிட்டுது. அதுக்காகக் காசு குடுக்கிறது."

"எந்தப் பிள்ளை?"

"நோர்வேயிலை ஒரு பிள்ளை."

"எவ்வளவு பெரிசு?"

"பதின்மூண்டு வயசு."

"பதின்மூண்டு வயசுப் பிள்ளைக்கு எங்கட நாட்டிலை வோட்டு இல்லையே!"

சரி, பாஷை எனக்குத் தண்ணிபட்ட பாடு என்று சொன்னேனே, அன்று கையாலும் காலாலும் சாமத்தியவீட்டை நடித்துக் காட்டினேன். தலையில் தண்ணி ஊற்றுவது, ஆலாத்தி எடுப்பது, மேடையில் வரிசையில் போய் உறை கொடுத்துப் படம் எடுப்பது எல்லாம். சிஞ்ஞோரா ஒவ்வொன்றையும் அவர்களின் பாஷையில் தொலைபேசிக்குள் சொன்னா. அந்தப் பக்கத்தில் அந்த மனிசி எழுதிக்கொண்டிருந்திருக்கவேண்டும். இடைக்கிடை, "கொஞ்சம் ஆறுதலாச் சொல்லு எண்டு சொல்லுறாள்" என்றா. ஒரு குடியரசின் தேர்தல் ஆவணத்தில் ஆலாத்தி ஏறியது என் புண்ணியத்தில்தான்.

முடிவில் சிஞ்ஞோரா தொலைபேசியை வைத்துவிட்டுக் கேட்டா: "அப்ப என்ட வோட்டு எங்கை?"

எங்கே என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

கமலாக்கா இன்னும் ஒஸ்லோவில்தான் நின்றார். அழைத்து விஷயத்தைச் சொன்னதும், "ஐயோ கடவுளே, என்ட மானம்!" என்று தலையில் அடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

"மானம் பிறகு அக்கா. மாலினியக்காட்டைச் சொல்லி அந்த உறையை வாங்குங்கோ. இண்டைக்கு எடுத்தா நாளைக்கு ஆரும் கொண்டுபோகலாம்."

"என்னெண்டு கேக்கிறது? மேடையிலை குடுத்த பரிசைத் திருப்பித் தாங்கோ எண்டோ? அப்ப நாங்கள் ஒண்டும் குடுக்கேல்லை எண்டெல்லோ வரும்! சும்மா கையோடை போய்ச் சாப்பிட்டிட்டு வந்தனாங்கள் எண்டு ஒஸ்லோ முழுக்கக் கதைக்கும். நான் மாட்டன். மஞ்சள் பூசினவள் நீ, நீயே கேள்!"

குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு மாலினியக்காவுக்கு அழைத்தேன். அவரை நான் அதுவரை பார்த்தது கிடையாது. நான் யார் என்று சொன்னதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"நானே எடுக்கோணும் எண்டு இருந்தனான் தங்கச்சி! கமலாக்கா ஆக்கள் இப்பிடிச் செய்வினம் எண்டு ஆர் நினைச்சது? மற்றச் சனம் காசு குடுத்தது. இவை பிள்ளைக்குக் காணியெல்லே குடுத்திருக்கினம்!"

"காணியோ?"

"ஓமடி, உறுதி! ஐஸ்லாந்திலை. வெளி உறையை உடைச்சா உள்ளுக்கை அரசாங்க முத்திரையோடை இன்னொரு உறை. இவர் பாத்திட்டு, இது காணி உறுதி, உடைச்சா செல்லாது, பிள்ளைக்குப் பதினெட்டு வயசிலைதான் உடைக்கவேணும் எண்டிட்டார். அங்கை இப்ப நிலம் நல்ல விலையாமே? சுடுதண்ணி ஊத்து இருக்கோ அதிலை?"

"அக்கா, அது வோட்டு" என்றேன்.

"என்ன ஊத்து?"

"ஊத்து இல்லை அக்கா. வோட்டு. என்ட சிஞ்ஞோரா அவவின்ட முதல் புருசனுக்கு எதிராப் போட்ட வோட்டு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு மெல்லிய குரலில், "அப்ப எங்கட பிள்ளைக்கு அவை ஒண்டும் குடுக்கேல்லையோ?"

"குடுத்தவை அக்கா, குடுத்தவை! அது ஐஸ்லாந்து அரசாங்கத்திட்டை இருக்கு."

இதை அழாமல் சொல்லி முடித்தேன். அதுதான் அன்று நான் செய்த ஒரே திறமான காரியம்.

மாலினியக்கா நல்ல மனுஷி. கோபப்படவில்லை. ஆனால் உறை வீட்டில் இல்லை. காணி உறுதியாயிற்றே, பிள்ளையின் நகையோடு சேர்த்துப் பாதுகாப்பு லாக்கரில் வைத்துவிட்டார்கள். லாக்கர் புருஷனின் பெயரில், அவர் கையெழுத்து வைத்தால்தான் திறக்கும். அவர் லொறி ஓட்டுகிறவர், வடக்கே போய்விட்டார், சனி பின்னேரம்தான் வருவார்.

சனி இரவு ஐஸ்லாந்தில் வோட்டுப் பெட்டி மூடுகிறது. இடையில் அந்தச் சமுத்திரம் வேறு.

குளியலறையை விட்டு வெளியே வந்தபோது சிஞ்ஞோரா வீங்கிய காலைத் தொங்கவிட்டபடி அதே கதிரையில் இருந்தா. சொன்னேன். கத்துவா என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கொஞ்ச நேரம் பூனையைத் தடவினா.

"ரோமுக்குப் போகப் பன்னிரண்டு மணித்தியாலம்" என்றா. "வரப் பன்னிரண்டு. முப்பது வருசத்திலை ஒருக்காலும் விடேல்லை." பிறகு, "நீ வீட்டை போ. நாளைக்கு வரவேண்டாம். ஞாயிறு பத்து மணிக்கு வா" என்றா.

படியிறங்கும்போது அழுகை வந்துவிட்டது. வேலை போனதுக்கா என்று கேட்டால், ஓம், அதுக்கும்தான். ஆனால் அந்த மனுஷி கத்தாமல் இருந்தாவே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு இலக்கத்துண்டை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் குந்தியிருக்க முடியாமல், பெரிய மூளைசாலி மாதிரிப் பகேரியாவுக்கு ஓடின என்னை நானே தும்புத்தடியால் அடிக்கவேணும் போல இருந்தது. வீட்டில் இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ ஏனப்பா மஞ்சள் பூசினனீ?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு காலை இவரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எரிந்த சட்டைக்குப் பதிலாக வியா மக்வேதாவில் ஒரு சட்டை வாங்கியிருந்தோம். (அளவு பார்த்து வாங்கினோம். போட ஆள் இல்லை என்பது காசு கொடுத்த பிறகுதான் மண்டையில் ஏறியது.) கதவைத் திறந்த சிஞ்ஞோராவின் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"அவன் தோத்துப் போனான்" என்றா.

நாங்கள் இரண்டு பேரும் என்ன முகம் வைப்பது என்று தெரியாமல் நின்றோம். இது வாழ்த்துச் சொல்லுகிற இடமா, துக்கம் விசாரிக்கிற இடமா?

"முப்பது வருசம் அவனுக்கு எதிரா வோட்டுப் போட்டன், ஒவ்வொருமுறையும் வெண்டான். இந்த ஒருமுறை என்ட வோட்டு நோர்வேயிலை நகைப்பெட்டிக்குள்ளை கிடக்கு, ஆள் விழுந்திட்டான்! அப்ப இவ்வளவு காலமும் நான் என்னத்துக்கு ரோமுக்குப் போய் வந்தனான்?"

இவர் மெதுவாக என் காதுக்குள், "போயிடுவமோ?" என்றார்.

"நில்லுங்கோ" என்றா சிஞ்ஞோரா. "இன்னும் இருக்கு. காலமை அவன் போன் எடுத்தவன்."

முப்பது வருடத்தில் முதல் அழைப்பு. சின்ன ஊர் அல்லவா, தேர்தல் கந்தோருக்குப் பலெர்மோவில் இருந்து காசு வந்த கதை வெள்ளிக்கிழமையே மீன் ஃபக்டரி, கோயில், குளிக்கிற குளம் எல்லாம் பரவிவிட்டதாம். பரவப் பரவ வளர்ந்து, பழைய பெண்சாதி இரகசியமாகப் புருஷனுக்காக வோட்டு வாங்கக் காசு அனுப்பினாள் என்று முடிந்திருக்கிறது. அந்த மனுஷன் தோற்ற கவலையோடு அழைத்து, குரல் தழுதழுக்க, "குத்ரூன், இவ்வளவு காலமும் நீ என்னை வெறுக்கிறாய் எண்டு நினைச்சிருந்தன்" என்றாராம்.

"நான் சொன்னன், மடையா, அது நோர்வேயிலை ஒரு தமிழ்ப்பிள்ளை பெரிசானதுக்குக் குடுத்த காசு எண்டு. அவனுக்கு விளங்கேல்லை. எனக்கே விளங்கேல்லையே! பிறகு நீ செய்து காட்டின மாதிரித் தண்ணி ஊத்திறதிலை இருந்து எல்லாம் சொன்னன். அவன் சிரிக்கத் தொடங்கினான். நானும் சிரிச்சன். ரெண்டு மணித்தியாலம். வயிறு நோகுது. கண்ணைப் பார், அழுதது இல்லை இது."

சொல்லிக்கொண்டே திரும்பவும் தொடங்கிவிட்டா. மேசையைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய காலைத் தூக்கிக்கொண்டு, அந்த எழுபத்தாறு வயது மனுஷி குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, நானும் சிரித்து, அது அழுகையாகி, இவர் புதுச் சட்டையை நீட்டிக்கொண்டு நடுவில் நின்றார். சிஞ்ஞோரா அதை வாங்கி, அளவு பார்த்து, இவருக்கே கொடுத்துவிட்டா. ஒப்பந்தத்தில் அன்றே கையெழுத்து வைத்தா. பேனையைத் தரும்போது, "இனிமேல் என்ட வீட்டுக் கடதாசி ஒண்டிலையும் மஞ்சள் படக்கூடாது" என்றா. அவ்வளவுதான் தண்டனை.

கொஞ்ச நாளில் ஐஸ்லாந்து அரசாங்கம் அன்பளிப்புக் காசையும் வாழ்த்து மட்டையையும் மாலினியக்காவுக்கு அனுப்பி வைத்தது, பதிவுத் தபாலில். நாலே நாளில் போய்ச் சேர்ந்தது. வோட்டைத் திருப்பி அனுப்பட்டுமா என்று மாலினியக்கா கேட்டபோது சிஞ்ஞோரா வேண்டாம், பிள்ளையே வைத்திருக்கட்டும் என்றுவிட்டா. அந்தப் பிள்ளை இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஒஸ்லோத் தமிழருக்குள் அவளுக்குப் பெயரே "ஐஸ்லாந்துக் காணிக்காரி"தான். எங்கள் குடும்பத்தில் இப்போதும் எந்தக் கொண்டாட்டத்துக்கு உறை எடுத்தாலும் யாராவது ஒருவர், "காசோ, வோட்டோ? பிரிச்சுப் பாத்து ஒட்டு" என்பார்கள். கமலாக்கா இருக்கும்போது மட்டும் சொல்லமாட்டார்கள், அவருக்கு இன்னும் ஆறவில்லை.

சிஞ்ஞோராவும் பழைய புருஷனும் ஞாயிறுதோறும் தொலைபேசியில் சண்டை பிடிக்கிறார்கள், பெரும்பாலும் சுரங்கப்பாதையைப் பற்றித்தான். போனமுறை அங்கே தேர்தல் அறிவித்த அன்று அந்த மனுஷன் திரும்பவும் நிற்கப்போவதாகச் சொன்னாராம். நான் உள்ளே போனதும் சிஞ்ஞோரா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அடக்கமாக, மிகவும் மரியாதையாகக் கேட்டா:

"பிள்ளை, நோர்வேயிலை உங்கட ஆக்களுக்குள்ளை ஆரும் பெரிசாகிற வயசிலை இருக்கினமோ?"